பெயர் அழித்த பாத்திரங்கள்

ஜூன் 3, திங்கள்

இன்று முதல் நான் ஒரு கடையின் பொறுப்பாளர். சம்பளம் கிடையாது. அம்மாவின் ஏற்பாடு.

வீட்டில் இருந்தால் நான் மிக்ஸியைக் கழற்றிவிடுகிறேனாம். கழற்றியது உண்மை. பேரிங் தேய்ந்திருந்தது, சொன்னேன், நம்பவில்லை. காலையில் என்னைப் பிலோமினா டீச்சர் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், "நவநீதன் லீவுல இருக்கறானுங்க டீச்சர். பம்பு கம்பெனியில லீவு குடுத்துருக்காங்க. எதாச்சும் சோலி குடுங்க" என்று ஒப்படைத்துவிட்டாள்.

கம்பெனி விடுப்பு கொடுத்திருக்கிறது. எவ்வளவு நாள் என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அது நடைமுறை.

டீச்சர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. ஒண்டிப்புதூரில் பாதிப் பேர் அவரிடம் குட்டு வாங்கியவர்கள், நான் உட்பட. மில்கள் மூடிய பிறகு இந்தத் தெருக்களில் தனியாக இருக்கும் வயதானவர்கள் அதிகம். பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுச் சமாளிக்கிறார்கள். அதற்காகத்தான் டீச்சரின் திட்டம். வீடுகளில் சும்மா கிடக்கும் பொருட்களை வாங்கி, அவர் வீட்டு முன்பக்கக் கடையில் வைத்து விற்பது. வந்த விலையில் பாதி பொருள் கொடுத்தவருக்கு, பாதி முதியோர் மருந்துக்கு. வேலை செய்கிறவர்கள் எல்லோரும் தொண்டர்கள்.

"எல்லோரும்" என்றால் இப்போதைக்கு மூன்று பேர். டீச்சர், நான், அமராவதி அம்மா. அமராவதி அம்மா, மில்லில் வீவிங் மாஸ்டராக இருந்தவரின் மனைவி. அவர் காலமான பிறகு மில் தொழிலாளர் லைன் வீட்டில் தனியாக இருக்கிறார். கஞ்சி போட்ட சேலை, விறைப்பான நடை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்ஜினியருங்களா? ஒட்டடை அடிக்கத் தெரியுமுங்களா?" என்றார்.

அடித்தேன். தலை முழுக்க ஒட்டடை.

ஜூன் 9, ஞாயிறு

திறப்பு விழா. கடைக்குப் பெயர் வைத்தது நான்தான். பொருள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுகிறது, ஆகவே 'கைமாற்று'. சுருக்கமான, தெளிவான பெயர். போர்டும் நானே வடிவமைத்தேன்.

முதலில் வந்தவர் உள்ளே எதையும் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்து, "ஒண்ணாந்தேதி திருப்பிக் குடுத்தர்றனுங்க, ஒரு ரெண்டாயிரம் கெடைக்குமுங்களா?" என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர். ஒருவர் ஜாமீனுக்கு மச்சானையே கூட்டி வந்திருந்தார்.

வட்டியில்லாமல் கடன் கொடுக்க டீச்சர் கடை திறந்திருக்கிறார் என்று டீக்கடை வரை செய்தி போயிருக்கிறது. டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன்னையத் தமிழ்ல பாஸ் போட்டது யாருடா?" என்றார்.

போர்டை மாற்றச் சொல்லிவிட்டேன். இனி வெறும் 'டீச்சர் கடை'.

ஜூன் 14, வெள்ளி

பொருட்கள் வருகின்றன. எவர்சில்வர் பாத்திரம், ஓடாத கடிகாரம், நடக்கும் மெஷின், மறுபடி எவர்சில்வர் பாத்திரம். எல்லாவற்றுக்கும் விலை ஒட்டினேன். பேரம் கிடையாது என்று எழுதி மாட்டினேன்.

மூன்றாவது தெரு செல்வநாயகி அக்கா அதை வாய்விட்டுப் படித்தார். "இதென்ன பஸ் டிக்கெட்டுங்களா தம்பி, கேட்டதக் குடுத்துப்போட்டுப் போறதுக்கு?"

"விலை நியாயமா இருக்குதுங்க. அப்பறம் எதுக்குக் குறைக்கணும்?"

"நான் வந்துருக்கறேனில்ல, அதுக்குக் கொறைக்கோணும்."

அமராவதி அம்மா என்னை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, பத்து ரூபாய் ஏற்றிச் சொல்லி, பத்து ரூபாய் குறைத்து, என் விலைக்கே விற்றார். செல்வநாயகி அக்கா மகிழ்ச்சியாகப் போனார். இதில் என்ன லாபம் என்று எனக்கு விளங்கவில்லை.

அமராவதி அம்மாவும் ஒரு பித்தளைத் தூக்கு கொண்டுவந்தார். அவருடையது இல்லை. "எங்க நங்கை குடுத்துவுட்டா" என்றார். நாத்தனாரை அப்படித்தான் சொல்வார். நங்கை வீட்டில் அடுக்க இடமில்லையாம்.

மருந்து வாங்கிக்கொள்ள ஒருவரும் வரவில்லை. தகுதியான ஆட்களை டீச்சர் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டார். எல்லோரும் காப்பி கொடுத்து, "என்னயவிடக் கஷ்டப்படறவங்க இருக்கறாங்க, அவங்களுக்குக் குடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அந்தக் கஷ்டப்படுகிறவர் வீட்டுக்குப் போனால் அவரும் அதையே சொல்கிறார்.

"உனக்கு எப்படி அமராவதி, பிரஷர் கிரஷர்?" என்று டீச்சர் கேட்டார்.

"எனக்கென்னுங்க, கல்லாட்ட இருக்கறேன்."

ஜூன் 20, வியாழன்

கடையில் சண்டை. காரணம் ஒரு டிபன் கேரியர்.

நம் ஊரில் பாத்திரம் என்று ஒன்று இருந்தால் அதில் பெயர் வெட்டியாக வேண்டும். அன்பளிப்பு என்றால் கொடுத்தவர் பெயர், வாங்கியவர் பெயர், தேதி எல்லாம். செல்வநாயகி அக்கா அலமாரியிலிருந்து ஒரு கேரியரை எடுத்துத் திருப்பினார். 'அன்பளிப்பு செல்வநாயகி குடும்பத்தார்' என்று இருந்தது. பக்கத்து வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு இவர் கொடுத்ததாம். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"ஒரு நா சோறு போட்டுத் திங்கல! என்ற பேரக் கொண்டாந்து ஏலத்துல வுட்டுட்டா!"

கொடுத்த பெண்மணியும் அப்போது கடையில்தான் இருந்தார். பிறகு நடந்ததை எழுத விருப்பமில்லை. கேரியரின் மூடி நசுங்கிவிட்டது. பாதி விலைக்குப் போட வேண்டும்.

இன்னொன்றையும் கவனித்தேன். பாத்திரம் பார்க்க வருகிறவர்கள் யாரும் பாத்திரத்தைப் பார்ப்பதில்லை. யார் எதை விற்கிறார்கள் என்று பெயரைப் படிக்க வருகிறார்கள். நாளிதழ் படிப்பதுபோல.

ஜூன் 24, திங்கள்

தீர்வு கண்டுபிடித்துவிட்டேன். பெயர்தான் பிரச்சினை என்றால் பெயர் இருக்கக் கூடாது.

நண்பனின் பட்டறையிலிருந்து மெருகேற்றும் பழைய பஃபிங் மெஷின் ஒன்றைத் தூக்கிவந்து, டீச்சர் வீட்டுப் பின்பக்கம் பொருத்தினேன். வெட்டின இடத்தில் எமரித் தாளைக் கொடுத்துத் தேய்த்து, பிறகு துணிச் சக்கரத்தில் காட்டினால், பெயர் இருந்த இடத்தில் முகம் பார்க்கலாம்.

டீச்சர், "பாவமாட்ட இருக்குதுடா" என்றார். ஆனால் அமராவதி அம்மா முதல் ஆளாக ஆதரித்தார். "தம்பி சொல்றதுதான் சரி. பேர் எதுக்குங்க? பாத்தரம் ஒழுகாம இருந்தாச் செரி." உடனே, இதுவும் நங்கை கொடுத்தது என்று ஓர் அண்டாவை எடுத்து என் முன்னால் வைத்தார். மறுநாள் இன்னும் இரண்டு கொண்டுவருவதாகவும் சொன்னார்.

நான் பெயர்களைப் படிப்பதில்லை. அழிக்கிறவனுக்கு அது எதற்கு?

ஜூன் 30, ஞாயிறு

விற்பனை அமோகம். முறை சரியாக இருந்தால் ஊர் தானாக வரும்.

அம்மா வந்து பார்த்தாள். "பாத்தரம் எல்லாம் புதுசாட்ட இருக்குது. நீ எப்படா கம்பெனிக்குப் போற?" என்றாள். சக்கரத்தின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

ஜூலை 3, புதன்

அமராவதி அம்மா கடைப் படியேறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். வெயில் என்றார். வானம் முழுக்க மேகம், காற்று ஆளைத் தள்ளுகிறது. உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். இரண்டு பன் சாப்பிட்டார். காலையில் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். "போலீஸாட்டக் கேக்கறீங்க" என்றார்.

ஜூலை 8, திங்கள்

நங்கை ஒரு செப்புக் குடம் அனுப்பியிருந்தார். பழைய காலத்து வெட்டு, ஆழம் அதிகம். ஒரு சுற்றில் போகவில்லை. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது படித்துவிட்டேன்.

'பொன்னுசாமி மாஸ்டர் அமராவதி'. கீழே கல்யாணத் தேதி.

அமராவதி அம்மாவுக்கு நங்கை இருக்கலாம். இந்தக் குடம் அந்த நங்கையுடையது இல்லை. தூக்கு, அண்டா, இரண்டு போசிப் பாத்திரம், குத்துவிளக்கு, எதுவுமே நங்கையுடையதாக இருக்காது. பழைய பாத்திரக் கடைக்கு எடுத்துப்போனால் தெருவே பார்க்கும். இங்கே கொண்டுவந்தால் நங்கை பாத்திரம், தொண்டர் சேவை. பாதிப் பணம் வீட்டுக்குப் போகிறது. மீதிப் பாதியை இந்த அம்மா மற்றவர்களின் மருந்துக்கு விட்டுக்கொடுக்கிறார். தனக்கு வாங்குவதில்லை.

கேட்டிருக்கலாம். எதையும் முகத்துக்கு நேராகக் கேட்பதுதான் என் வழக்கம். அதனால் எனக்குச் சில இழப்புகள் உண்டு. ஆனால் கேட்டால் இவர் நாளையிலிருந்து கடைக்கு வரமாட்டார். தெருவிலும் அப்படி நிமிர்ந்து நடக்கமாட்டார். கேட்காவிட்டால் பாத்திரங்கள் ஒருநாள் தீர்ந்துபோகும்.

வெளியே அவர் யாரிடமோ பத்து ரூபாய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

முரட்டு எமரி போட்டுப் பெயரை எடுத்தேன்.

ஜூலை 12, வெள்ளி

விற்பனை படுத்துவிட்டது. வருகிறவர்கள் பாத்திரத்தைத் திருப்பிப் பார்க்கிறார்கள், முகர்ந்துகூடப் பார்க்கிறார்கள், வைத்துவிட்டுப் போகிறார்கள். செல்வநாயகி அக்காவிடம் நேராகவே கேட்டேன்.

"தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. பேர் இல்லாத பாத்தரம் புதுப் பாத்தரம். பேர அழிச்ச பாத்தரம் திருட்டுப் பாத்தரம். இதுகூடத் தெரியாம எப்படி இன்ஜினியரானீங்க?"

இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

ஜூலை 17, புதன்

போலீஸ் வந்தது.

திருச்சி ரோட்டுக் கல்யாண மண்டபம் ஒன்றில் போன வாரம் பாத்திரங்கள் காணாமல் போயிருக்கின்றன. டீச்சர் கடையில் பெயர் அழித்த பாத்திரங்கள் மலைபோல் கிடப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஏட்டம்மா ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு நிதானமாக உள்ளே வந்தார். பின்னாலேயே தெருவும் வந்தது.

"பேர எதுக்கு அழிச்சீங்க?"

"விக்கறதுக்கு" என்றேன்.

"திருடுனவனும் அதத்தான் சொல்லுவான்."

"திருடுனவன் போர்டு மாட்டி விக்கமாட்டானுங்க."

"ரொம்பப் பேசறியே தம்பி. எங்க வேலை பாக்கற?"

நான் சாய்ந்திருந்த விலைச்சீட்டு ஒன்றை நேராக ஒட்டினேன்.

டீச்சர் முன்னால் வந்தார். கொடுத்தவர்களைக் கூப்பிட்டு அடையாளம் காட்டச் சொல்லலாம் என்றார். போன் போனது. ஒவ்வொருவராக வந்து, இது என் குக்கர், இது என் தாம்பாளம் என்று சொன்னார்கள். டிபன் கேரியருக்கு மட்டும் இரண்டு பேர் சொந்தம் கொண்டாடினார்கள். ஏட்டம்மா அலமாரி அலமாரியாகத் தாண்டி வந்து, கடைசித் தட்டில் நின்றார். செப்புக் குடம், அண்டா, குத்துவிளக்கு.

"இது யாருது?"

"அமராவதியோட நங்கை குடுத்தது" என்றார் டீச்சர். "போன் போட்டு வரச்சொல்லு அமராவதி."

அமராவதி அம்மா சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார். "அவ… ஊர்ல இல்லீங்க."

"நம்பர் குடுங்க, நான் பேசறேன்" என்றார் ஏட்டம்மா.

வாசலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். செல்வநாயகி அக்கா முன்வரிசை. அமராவதி அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க வீட்டுதுங்க" என்றேன்.

ஏட்டம்மா திரும்பினார். "என்னப்பா?"

"எங்க வீட்டுப் பாத்திரம். நான்தான் நங்கை குடுத்ததுன்னு சொல்லச் சொன்னேன். வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு. எனக்கு வேலை போயிருச்சு."

கூட்டம் லேசாக விலகியது. சாப்பாட்டுக் கூடையுடன் அம்மா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"உங்க பையனுங்களா?" என்றார் ஏட்டம்மா. "இது உங்க பாத்திரமா?"

அம்மா என்னைப் பார்த்தாள். அமராவதி அம்மாவைப் பார்த்தாள். குடத்தைப் பார்த்தாள்.

"ஆமாங்க. எங்க ஊட்டுதுதான்."

"என்ன பேர் வெட்டியிருந்துச்சு?"

"என்ற ஊட்டுக்காரர் பேருதானுங்க."

"அதான், என்ன பேரு?"

"புருசன் பேரச் சொல்லமாட்டேனுங்க" என்றாள் அம்மா, தலையைக் குனிந்துகொண்டு. "அவரு போயிச் சேந்துட்டாரு. இருந்தப்பயே சொன்னதில்ல, இப்பச் சொல்லுவனா?"

கூட்டத்தில் இரண்டு பேர் உச்சுக் கொட்டினார்கள். ஏட்டம்மா குடத்தை வெளிச்சத்தில் சாய்த்தார். எமரி தேய்த்த இடத்தில் ஓர் எழுத்தின் தடம் மிச்சமிருந்தது. நான் அவ்வளவு மோசமாக வேலை செய்ததே இல்லை. "'பொ'ன்னு என்னமோ தெரியுது. 'பொ'வுல ஆரம்பிக்கற பேருங்களா?"

அம்மா பலமாகத் தலையை ஆட்டினாள்.

என் அப்பாவின் பெயர் இராமலிங்கம்.

ஜூலை 18, வியாழன்

வீட்டில் சாப்பாடு கிடைக்கிறது. பேச்சு கிடைப்பதில்லை.

காலையில் செல்வநாயகி அக்கா ஒரு பை அரிசியுடன் வந்து, அம்மாவின் கையைப் பிடித்து, "எங்ககிட்டச் சொல்லக் கூடாதுங்களா?" என்று கண்கலங்கினார். மளிகைக் கடைக்காரர், பாக்கியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். எங்களுக்கு அங்கே பாக்கியே இல்லை.

அவர்கள் போனதும் அம்மா வாயைத் திறந்தாள். "அடுத்தவ பேர அழிக்கப்போயி, என்ற பேர அழிச்சுப்போட்டயேடா."

நான் குடத்தைப் பற்றிச் சொன்னேன். படித்த பெயர், சுவரைப் பிடித்தது, பன், எல்லாம். கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் அப்படிக் கேட்டதில்லை.

"வேலை போயிருச்சுன்னு சொன்னது சும்மா அவங்களைச் சமாளிக்கறதுக்குத்தான்" என்றேன்.

"ஏன்டா, லீவு குடுத்த கம்பெனிக்காரன் உன்ற டம்ளரயும் செருப்பயும் எதுக்குப் பையில போட்டுக் குடுத்துவுட்டான்?"

நான் மிக்ஸியின் பேரிங்கைப் பார்க்கப் போனேன்.

ஜூலை 19, வெள்ளி

அமராவதி அம்மா வழக்கமான நேரத்துக்கு வந்தார். கஞ்சி போட்ட சேலை. நன்றி எதுவும் சொல்லவில்லை.

"பொய் சொல்றப்ப உங்களுக்குக் காது செவந்துருதுங்க. இனிமேல் சொல்லாதீங்க" என்றார்.

"மாத்திரை போடறீங்களா?" என்று கேட்டேன்.

"நங்கையக் கேக்கறீங்களா, என்னயக் கேக்கறீங்களா?"

"உங்களை."

அலமாரியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார். "போட்டு ரெண்டு மாசமாச்சுங்க. டீச்சர் குடுப்பாங்க, தெரியும். ஆனா வாங்கறதுக்கு வரிசையில நிக்கோணும். மாஸ்டர் சம்சாரம் நிக்கறாளேன்னு நாலு தெருவும் பாக்கும்."

மாஸ்டர் இல்லையே, பிறகு எதற்கு இந்தக் கௌரவம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. இது எனக்குப் புதிது.

வீட்டில் அம்மாவிடம் இந்த வரிசை விஷயத்தைச் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். செல்வநாயகி அக்கா கொடுத்த அரிசி. "கல்லு கெடக்குது பாரு இதுல" என்று மட்டும் சொன்னாள்.

ஜூலை 21, ஞாயிறு

டீச்சர் ஏற்பாட்டில் கடைவாசலில் மருத்துவ முகாம். ஒரு டாக்டர் வந்திருந்தார், சின்ன வயது. பரிசோதனை, சீட்டு, ஒரு மாத மாத்திரை, எல்லாம் கடைச் செலவு. இருபது நாற்காலி போட்டேன். இருபதும் காலி.

மருந்து வேண்டியவர்கள் எல்லோரும் எதிர் டீக்கடையில் இருந்தார்கள். டீ குடிக்க வந்ததுபோல் இங்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் ஒலிபெருக்கி வைக்கலாமா என்றார். வேண்டாம், ஓடிவிடுவார்கள் என்றேன். அமராவதி அம்மா தொண்டர் மேசையில் பெயர் எழுத வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

அப்போது தெருமுனையில் அம்மா. கல்யாணத்துக்கு உடுத்தும் பட்டுச் சேலை. நடுத்தெருவில் நடந்து வந்தாள். டீக்கடைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, முதல் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"அம்மா, உனக்கு எதுக்கு…" என்று குனிந்தேன்.

"போன பேரு போயிருச்சு. எதுக்காச்சும் ஒதவட்டும். நீ தள்ளு."

"பிரஷர் இருக்குங்களாம்மா?" என்றார் டாக்டர்.

"இவனப் பெத்தவளுக்கு இல்லாம இருக்குமுங்களா?"

டாக்டர் சிரித்துக்கொண்டே அளந்தார். சிரிப்பு நின்றது. மறுபடி அளந்தார். நூற்று அறுபத்தைந்து. நான் கருவியை வாங்கிப் பட்டை, குழாய், பம்ப் எல்லாம் சோதித்தேன். என் கையில் போட்டுப் பார்த்தேன். கருவி சரியாகத்தான் இருக்கிறது.

"நெசமாலுமா?" என்றாள் அம்மா. முதல்முறையாக அவள் குரல் இறங்கியது.

மேசையில் நாற்காலி நகர்ந்தது. அமராவதி அம்மா எழுந்துவிட்டார். அந்தத் தாளை என் கையில் கொடுத்தார். சுற்றிவந்து, அம்மாவின் பின்னால் நின்று, அவள் தோளில் கை வைத்தார்.

"அமராவதியக்கா, நீங்க எதுக்குங்க?" என்றார் செல்வநாயகி அக்கா. அவர் எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை.

"அவங்களே நிக்கறாங்க. நான் நின்னா என்ன கொறஞ்சு போச்சு?"

டீக்கடையில் ஒருவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, இரண்டு பக்கமும் வண்டி பார்த்து, ரோட்டைத் தாண்டினார். அவர் பின்னால் இன்னொருவர். பிறகு மூன்று பேர்.

அம்மா எழுந்து இடம் விட்டாள். டாக்டர் புதுச் சீட்டு எடுத்து, நிமிராமலே "பேரு?" என்றார்.

"அமராவதி" என்றார் அவர், ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி. "நல்லாப் பெருசாவே எழுதுங்க."